சுபலட்சுமி கேட்ட கிராபிக்ஸ் கார்டு

"யாருக்குத் தங்கச்சி, மகளுக்கா?" என்று கேட்டான் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் சின்னச்சாமி.

"இல்லண்ணே, எனக்குத்தான்."

"ஓ, ஆபீஸ் வேலைய வீட்டுல பாக்கவா? அதுக்கு இம்புட்டுப் பெரிய மெஷின் எதுக்கு?"

"வேலைக்கு இல்ல. கேம் விளையாட."

சின்னச்சாமி சிரித்தான். அவள் ஏதோ கேலி பேசுகிறாள் என்று நினைத்துவிட்டான். சுபலட்சுமி சிரிக்காமல் நின்றதைப் பார்த்ததும், பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து செல்போனைத் தடவிக்கொண்டிருந்த அவள் கணவன் சிவக்குமார் பக்கம் திரும்பி, "என்ன மாப்ள இது?" என்றான். சிவக்குமார் உதட்டைப் பிதுக்கினான். எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பது போல.

அவ்வளவுதான், அதன் பிறகு சின்னச்சாமி பேசியதெல்லாம் சிவக்குமாரிடம்தான். ப்ராசஸர் எது என்று அவள் கேட்டால் பதிலை அவனைப் பார்த்துச் சொன்னான். மதர்போர்டு பெட்டியைப் பிரித்து அவன் கையில் கொடுத்தான். சிவக்குமார் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "ம்ம், நல்லாத்தான் இருக்கு" என்றான். இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். அந்தப் பழக்கத்தில்தான் டவுன்ஹால் ரோட்டுச் சந்தில் மாடியில் இருந்த இந்தக் கடைக்கு அவளைக் கூட்டி வந்திருந்தான். மேலக்கால் ரோட்டில் உரக்கடை வைத்திருக்கும் சிவக்குமாருக்கு யூரியாவில் தெரியாதது இல்லை. கம்ப்யூட்டரில் அதைத் திறக்கிற பொத்தான் மட்டும் தெரியும்.

"அண்ணே, இங்க பாத்துப் பேசுங்க. வாங்கப்போறது நான்" என்றாள் சுபலட்சுமி.

"கோவிச்சுக்காத தங்கச்சி. மாப்ளைக்கும் தெரியணும்ல."

"அவருக்கு எதுக்குத் தெரியணும்?"

சின்னச்சாமி அடுத்த பெட்டியைப் பிரிக்கப் போனான்.

சுபலட்சுமி பசுமலையில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். அவள் மேசைக்கு எதிரே இருக்கும் ஜன்னலில், திருப்பரங்குன்றத்துக்கு அந்தப் பக்கம் விமானங்கள் இறங்குவது தெரியும். ஒரே ஒரு தடவை கல்லூரி வேலையாகச் சென்னைக்குப் போனபோது, திரும்பி வர விமான டிக்கெட் எடுத்துக் கொடுத்தார்கள். நடு சீட் கிடைத்தது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர் ஏறியதும் மூடியை இறக்கிவிட்டுத் தூங்கிப்போனார். மதுரை நெருங்கும்போது பணிப்பெண் வந்து திறக்கச் சொன்னாள். அவர் திறந்தார், திறந்த ஜன்னலை அடைத்துக்கொண்டு செல்போனில் வீடியோ எடுத்தார். தன் ஊர் மேலிருந்து எப்படி இருக்கும் என்று பார்க்க அவள் எட்டி எட்டிப் பார்த்தாள். தெரிந்தது அந்த மனிதரின் காது மட்டும்தான்.

அந்த ஆத்திரத்தில்தான் விமானம் ஓட்டும் விளையாட்டு ஒன்றைத் தேடிப் பிடித்தாள். சும்மா சுடுகிற, துரத்துகிற விளையாட்டு இல்லை. நிஜ விமானத்தில் என்னென்ன பொத்தான் உண்டோ அத்தனையும் அதில் உண்டு. உலகத்தில் எந்த ஊருக்கும் போகலாம். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, எண்ணெய் எவ்வளவு இருக்கிறது, எல்லாம் கணக்குப் பார்த்துத்தான் இறங்க வேண்டும். வீட்டில் இருந்த பழைய லேப்டாப்பில் அதைப் போட்டாள். லேப்டாப் தோசைக்கல்லாகக் கொதித்தது; விசிறி ஊளையிட்டது; மதுரை மேலே வரும்போதெல்லாம் படம் உறைந்து நின்றது.

பிறகுதான் எந்தப் பாகம் எதற்கு என்று படிக்க ஆரம்பித்தாள். காய் நறுக்கும்போது வீடியோ கேட்டாள். பஸ்ஸில் போகும்போது விமர்சனங்களைப் படித்தாள். இந்த விளையாட்டு ப்ராசஸரைப் பிழிந்தெடுக்கும் என்று தெரிந்துகொண்டாள். ஊரும் மலையும் மேகமும் ஒரே நேரத்தில் திரையில் வர வேண்டுமானால் கிராபிக்ஸ் கார்டில் நினைவகம் தாராளமாக இருக்க வேண்டும், எட்டு ஜிபி போதாது, பதினாறு வேண்டும் என்று தெரிந்துகொண்டாள். கோச்சடையில் அவர்கள் தெருவுக்குக் கரண்ட் வருகிற லட்சணத்துக்கு நல்ல பவர் சப்ளை இல்லாவிட்டால் எல்லாம் கருகிப்போகும் என்பது படிக்காமலே தெரியும். கல்லூரி அலுவலகத்தில் மாதாமாதம் கட்டி வந்த சீட்டுப் பணத்தை எடுத்த பிறகுதான் கடைக்கு வந்தாள்.

"தங்கச்சி, எல்லாத்தையும் உள்ள வைக்க இந்த கேபினெட் பாரு. சைடுல கண்ணாடி, உள்ள ஏழு கலர்ல லைட்டு ஓடும். பசங்க எல்லாம் இதத்தான் கேக்குறாங்ய."

"லைட்டு ஓட விட்டு நான் என்ன தேர்த்திருவிழாவா நடத்தப்போறேன்? கண்ணாடி வேணாம். காத்து உள்ள போயி வெளிய வர்ற மாதிரி குடுங்க."

சின்னச்சாமி மறுபடியும் சிவக்குமாரைப் பார்த்தான். பாவம் நீ, என்கிற பார்வை.

அவள் ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்தாள். கிளம்பும்போது கார்டைப் பற்றி மட்டும் இன்னொரு முறை சொன்னாள். "அண்ணே, இந்த கார்டுதான். ஸ்டாக் இல்லன்னா சொல்லுங்க, நான் காத்திருக்கேன். வேற எதையும் போட்டுறாதீங்க. மானிட்டரும் நான் சொன்ன அதே சைஸு."

"சரி தங்கச்சி, சரி. இம்புட்டு வெவரமா எந்த ஆம்பளையும் கேட்டதில்ல" என்றான் சின்னச்சாமி. அதைப் பாராட்டு என்று அவன் நினைத்திருக்க வேண்டும்.

மெஷின் தயாராகி வந்த அன்று, கடையிலிருந்து வண்டி பிடித்துச் சிவக்குமாரே கொண்டுவந்து இறக்கினான். கேபினெட் கறுப்பாக, அவள் கேட்டபடி கண்ணாடி இல்லாமல் இருந்தது. கூட வந்த மானிட்டர் அட்டைப்பெட்டிதான் வீட்டு வாசலில் நுழையத் திணறியது.

"என்னங்க இது? நான் கேட்டது இதுல பாதி கூட இருக்காதே."

"சின்னச்சாமி ஆஃபர்ல குடுத்தான். பெருசா இருந்தா கண்ணுக்கு நல்லதுதானே? ஹால்லயே வச்சுருவோம், எல்லாரும் பாக்கலாம்."

"நான் உள்ரூம்ல வைக்கணும்னு சொன்னேன்."

"உள்ரூம்ல அடங்காது சுபா."

அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் பெட்டியைப் பார்த்த சந்தோஷத்தில் விட்டுவிட்டாள். அதைச் சந்தோஷம் என்றுகூடச் சொல்ல முடியாது; பசி. ப்ளஸ் டூ படிக்கும் மகள் சரண்யாதேவி ஒயர்களை மாட்ட உதவிவிட்டு, "ம்மா, டிவி கடை மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு டியூஷனுக்குப் போனாள். விளையாட்டு முழுதும் இணையத்திலிருந்து இறங்க மறுநாள் சாயங்காலம் ஆகிவிட்டது.

மதுரை விமான நிலையத்திலிருந்து சின்ன விமானம் ஒன்றைக் கிளப்பினாள். மேலே ஏறியதும் வடக்கே திருப்பினாள். வண்டியூர் தெப்பக்குளம் வர வேண்டும். சதுரமாக, நடுவில் மண்டபத்தோடு. வந்தது. வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். யாரோ பச்சைச் சட்னியைக் கொட்டித் துடைத்துவிட்டுப் போனது போல ஒரு தீற்றல். மண்டபம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கட்டி. வைகையைப் பிடித்து மேற்கே போனாள். படம் விக்கியது. நின்றது. மறுபடி நகர்ந்தது. நாகமலை நீளமாகப் படுத்துக் கிடக்க வேண்டியது, துண்டு துண்டாக, ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு நேரத்தில் வந்து ஒட்டிக்கொண்டது. இறங்குவதற்குத் திரும்பும்போது திரை உறைந்து, மீண்டபோது விமானம் ஓடுதளத்துக்குப் பக்கத்துக் காட்டில் மூக்கைக் குத்திக் கிடந்தது.

அவள் கையை எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். தான் படித்ததெல்லாம் தப்போ என்று முதலில் தோன்றியது. தன்னைத்தான் முதலில் சந்தேகப்பட்டாள். அதை நினைத்தால் பின்னாட்களில் அவளுக்கு இன்னும் அதிகமாகக் கோபம் வந்தது. பிறகு கம்ப்யூட்டரின் விவரப் பக்கத்தைத் திறந்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தாள். ப்ராசஸர் சரி. ரேம் சரி. கிராபிக்ஸ் கார்டு அவள் கேட்டதல்ல. அதற்கு இரண்டு படி கீழே உள்ள ஒன்று. எட்டு ஜிபி.

"ஏமாத்திட்டான்!" என்று அவள் போட்ட சத்தத்தில் அடுப்படியில் டீ ஆற்றிக்கொண்டிருந்த சிவக்குமார் ஓடி வந்தான்.

"யாரு?"

"உங்க கூட்டாளி. கார்ட மாத்திப் போட்டுருக்கான். பெட்டிக்குள்ள இருக்கிறது தெரியாதுன்னு நெனச்சுட்டான்."

சிவக்குமார் திரையைப் பார்த்தான், டீயைப் பார்த்தான். "தெரியாமப் போட்டுருப்பான். கடையில ஆயிரம் பெட்டி இருக்கும்."

"நான் எம்புட்டு தடவ சொன்னேன்? நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க?"

"சரி சரி, நான் பேசுறேன்."

மறுநாள் கேட்டாள். சின்னச்சாமி போனை எடுக்கவில்லை என்றான். அதற்கு மறுநாள் அவன் கொடைக்கானல் போயிருக்கிறான் என்றான். பிறகு ஒரு நாள், "ஏன் சுபா, இதுலயும் ஓடத்தானே செய்யுது? கொஞ்சம் மெதுவா ஓட்டு" என்றான்.

விமானத்தை மெதுவாக ஓட்டினால் விழுந்துவிடும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை போல.

சனிக்கிழமை அவளுக்கு விடுமுறை. சிவக்குமார் உரக்கடைக்குப் போன பிறகு, கேபினெட்டை அட்டைப்பெட்டியில் வைத்துக் கட்டி, தெருமுனையில் ஆட்டோவைப் பிடித்தாள். டவுன்ஹால் ரோட்டுச் சந்துக்குள் ஆட்டோ போகாது. பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நடந்து, மாடிப்படி ஏறி, சின்னச்சாமியின் கண்ணாடி மேசை மேல் வைத்தாள். கொடைக்கானலில் இருக்க வேண்டியவன் அங்கே உட்கார்ந்து பருத்திப்பால் குடித்துக்கொண்டிருந்தான்.

"வா தங்கச்சி. மாப்ள வரலையா?"

"மாப்ளைக்கு இங்க என்ன வேல? இதத் தொறங்க."

"என்ன பிரச்சனை?"

"தொறங்கண்ணே. தொறந்துட்டுப் பேசுவோம்."

கடையில் கல்லூரிப் பையன்கள் மூன்று பேர் மவுஸ் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே பாகங்களைப் பூட்டி மெஷினாக்கித் தருகிற பெண், ஆர்த்திகா என்று பெயர், ஸ்க்ரூடிரைவரோடு எட்டிப் பார்த்தாள். சின்னச்சாமி குரலைத் தணித்தான். "தங்கச்சி, வாரண்டி சீல் ஒட்டிருக்கு. பிரிச்சா வாரண்டி போயிரும். நீ வீட்டுக்குப் போ, நான் மாப்ளகிட்ட பேசிக்கிறேன்."

அதைக் கேட்டதும் அவளுக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறியது.

"அவர்கிட்ட என்ன பேசுவீங்க? பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு அவருக்குத் தெரியுமா? நான் படிச்சுப் பாத்து, யோசிச்சு, இதுதான் வேணும்னு உங்க முகத்தப் பாத்துச் சொன்னேன். ஸ்டாக் இல்லன்னா காத்திருக்கேன்னும் சொன்னேன். தலையாட்டிட்டு உள்ள வேற ஒண்ணப் போட்டு அனுப்பியிருக்கீங்க. பொம்பளைக்கு என்ன தெரியப்போகுதுன்னுதானே? இதுக்குப் பேரு திருட்டுண்ணே. வியாபாரம் இல்ல."

மவுஸ் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் மவுஸைக் கீழே வைத்தார்கள்.

"வார்த்தைய அளந்து பேசு தங்கச்சி."

"எதுக்கு அளக்கணும்? தொறங்க!"

ஆர்த்திகா யார் சொல்லுக்கும் காத்திருக்காமல் வந்து சீலைப் பிரித்து, பக்கத் தகட்டைக் கழற்றினாள். ஒற்றை விசிறியோடு சின்னதாக ஒரு கார்டு உள்ளே உட்கார்ந்திருந்தது. சுபலட்சுமி கேட்டதற்கு மூன்று விசிறி. "அக்கா சொன்ன கார்டத்தான் முதல்ல மாட்டினேன். அப்புறம் அண்ணன்தான் கழட்டச் சொன்னாரு" என்றாள் ஆர்த்திகா, சின்னச்சாமியைப் பார்க்காமல்.

கல்லூரிப் பையன்களில் ஒருவன், "அண்ணே, எங்களுக்கும் இப்படித்தான் போடுவீங்களா?" என்று கேட்டான்.

சின்னச்சாமிக்கு முகம் சிவந்துபோனது. திருடன் என்று அவனை யாரும் சொன்னதில்லை. அதுவும் கடையில் ஆள் இருக்கும்போது. செல்போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, மேசை மேல் வைத்தான்.

"மாப்ள, உன் சம்சாரம் கடைக்கு வந்து நின்னுக்கிட்டு என்னயத் திருடன்னு சொல்லுது. நாலு பேரு கேக்குறாங்ய. கார்ட மாத்தச் சொன்னது யாரு? நீயே சொல்லிரு."

போனில் உரக்கடையின் சத்தம் கேட்டது. யாரோ மூட்டையை இறக்கினார்கள். யாரோ வேப்பம் புண்ணாக்கு கேட்டார்கள்.

"மாப்ள!"

"நான்தான் சொன்னேன்" என்றது போன்.

சுபலட்சுமி போன் பக்கம் குனிந்தாள். சின்னச்சாமி மேல் அள்ளிக் கொட்டிய கோபம் முழுக்க வழியிலேயே நின்றுவிட்டது.

"என்ன சொன்னீங்க?"

"சுபா, வீட்டுல பேசிக்குவோம்."

"என்ன சொன்னீங்கன்னு கேக்குறேன்."

"கார்டு அம்புட்டு பெருசு எதுக்குன்னு தோணுச்சு. அதக் கொஞ்சம் கொறச்சுட்டு, அந்தக் காசுக்குப் பெரிய மானிட்டரா போட்டா, மேட்ச் பாக்கலாம், சல்லிக்கட்டு லைவ் போட்டா எல்லாரும் உக்காந்து பாக்கலாம்னு... வீட்டுக்கும் ஒரு பிரயோசனமா இருக்கும்னுதான்..."

சுபலட்சுமி போனை வெறித்துப் பார்த்தாள். கார்டைக் குறைத்தது ஒரு அநியாயம். அந்தக் குறைந்த கார்டின் தலையில் இரண்டு மடங்கு பெரிய திரையைக் கட்டியது அதற்கு மேல் ஒரு அநியாயம். திரை பெரிதாக ஆக, கார்டு இழுக்க வேண்டிய பாரம் கூடும். ஒரு மாட்டை அவிழ்த்துவிட்டு, வண்டியில் இன்னும் பத்து மூட்டை ஏற்றியிருக்கிறான். ஏற்றிவிட்டு, மெதுவாக ஓட்டு என்று அவளிடமே சொல்லியிருக்கிறான். வாசலில் நின்று, ஆஃபரில் கொடுத்தான் என்றும், கண்ணுக்கு நல்லது என்றும், கண்ணைப் பார்த்தே சொல்லியிருக்கிறான்.

"அந்த மானிட்டரத் தூக்கிக்கிட்டு இங்க வாங்க. இப்பவே" என்றாள். போனை அணைத்தாள்.

"பாத்தியா தங்கச்சி, என் மேல தப்பு இல்ல" என்றான் சின்னச்சாமி.

"உங்க மேல இல்லன்னு யாரு சொன்னா?" அவள் அவன் பக்கம் திரும்பிய வேகத்தில் அவன் நாற்காலி பின்னால் நகர்ந்தது. "காசு குடுத்தது நான். பாத்து எடுத்தது நான். மாத்துன்னு ஒரு ஆளு போன் பண்ணா, யாரு வாங்குனாங்களோ அவங்ககிட்ட ஒரு வார்த்த கேக்க மாட்டீங்களா? வாய்க்கு வாய் தங்கச்சிங்குறீங்க, மாப்ள சொன்னா மட்டும் செய்வீங்களா?"

"புருஷன் சொன்னா, வீட்டுல பேசிட்டுத்தான் சொல்றாருன்னு நெனைக்கிறதுதானே?"

"நான் போன் பண்ணி அவரு பைக்குல இஞ்சின மாத்துங்கன்னு மெக்கானிக்கிட்ட சொன்னா, அவன் மாத்துவானா? அவருகிட்டக் கேக்காம?"

சின்னச்சாமி பருத்திப்பால் டம்ளரைத் தள்ளி வைத்தான்.

சிவக்குமார் வர வெகுநேரம் ஆனது. உரக்கடையைப் பையனிடம் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய், மானிட்டரை அட்டைப்பெட்டியில் போட்டு, டாட்டா ஏஸ் ஒன்றில் ஏற்றி, சந்து முனையில் இறங்கி, தலையில் சுமந்துகொண்டு படியேறினான். சட்டை முழுக்க வியர்வை. பெட்டியைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, அவள் கையைப் பிடித்து வெளியே மாடி வராந்தாவுக்கு இழுத்தான்.

"இதுக்குப் போயி கடையில வச்சு என் மானத்த வாங்கிட்டியே சுபா."

"உங்க மானத்த நான் வாங்கல. உங்க கூட்டாளி ஸ்பீக்கர்ல போட்டாரு. கைய விடுங்க."

அவன் விட்டான். "ஒரு விளையாட்டுச் சாமானுக்கு இம்புட்டா?"

"ஆமா, விளையாட்டுச் சாமான்தான். நான் விளையாடுறதுக்கு நானே வாங்குனது. மிக்ஸி வாங்குறப்ப உங்ககிட்டக் கேட்டேன், எதையோ எடுன்னீங்க. கிரைண்டருக்கும் அப்படித்தான். கேஸ் அடுப்ப நீங்க திரும்பிக்கூடப் பாக்கல. அதெல்லாம் எனக்கு வெவரம் தெரியும்னு விட்டீங்க. ஏன்னா அது உங்களுக்கு வேணாம். எனக்குன்னு ஒண்ணு வாங்குனா மட்டும் வீட்டுக்குப் பிரயோசனம் பாக்கணுமோ?"

"சரி, தெரியாம செஞ்சுட்டேன். விடு."

"தெரிஞ்சுதான் செஞ்சீங்க. எனக்குத் தெரியாம செஞ்சீங்க."

அவன் சட்டைக் காலரால் கழுத்து வியர்வையைத் துடைத்தான்.

"உங்க கடைக்கு ஒரு சம்சாரி வர்றான். நெல்லுக்கு இன்ன உரம் வேணும்னு கேட்டு எடுத்து வைக்கிறான். பின்னாடியே அவன் அண்ணன்காரன் போன் பண்ணி, அதுல பாதிய எடுத்துட்டு எங்க வீட்டு ரோசாச் செடிக்குப் போடுற மாதிரி குடுன்னா, குடுப்பீங்களா?"

"அது எப்படி? பயிரு போயிருமே."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது போலிருந்தது. அவள் அவனை வராந்தாவிலேயே விட்டுவிட்டு உள்ளே போனாள்.

பெட்டி பிரித்த மானிட்டரைத் திரும்ப எடுக்க முடியாது என்று சின்னச்சாமி கொஞ்ச நேரம் இழுத்துப் பார்த்தான். "அத உங்க மாப்ளையும் நீங்களும் பேசிக்கங்க. நான் இந்த எடத்த விட்டு எந்திரிக்கப்போறதில்ல" என்று சொல்லிவிட்டு அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கல்லூரிப் பையன்களும் போகவில்லை. படியேறி வந்த வேறு ஒருவர் என்ன விஷயம் என்று அவர்களைக் கேட்க, அவர்கள் விளக்க ஆரம்பித்தார்கள். அதை விளக்கி முடிப்பதற்குள் சின்னச்சாமி ஆர்த்திகாவைக் கூப்பிட்டு, "எடும்மா அந்த கார்ட" என்றான்.

ஆர்த்திகா பெட்டியோடு கொண்டுவந்தாள். சுபலட்சுமி பெட்டி மேல் இருந்த எண்ணையும் கார்டில் இருந்த எண்ணையும் ஒத்துப் பார்த்தாள். பழைய கார்டைக் கழற்றியதும், "குடும்மா, நானே மாட்டுறேன்" என்றாள். ஆர்த்திகா எந்தப் பக்கம் பிடிக்க வேண்டும் என்று மட்டும் காட்டிவிட்டு ஒதுங்கினாள். கார்டு அவள் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. இரண்டு கையாலும் பிடித்து, பள்ளத்தில் நேராக வைத்து, இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினாள். டக்கென்று உட்கார்ந்தது. அவ்வளவு நேரமும் இறுகிக் கிடந்த அவள் தோள்பட்டை அப்போதுதான் இறங்கியது.

அங்கேயே கம்ப்யூட்டரை உயிர்ப்பித்து, விவரப் பக்கத்தைத் திறந்து, தன் கண்ணால் பார்த்த பிறகுதான் கிளம்பினாள். அவள் முதலில் கேட்ட மானிட்டரை சின்னச்சாமியே ஆட்டோ வரை தூக்கிக்கொண்டு வந்தான். "மனசுல வச்சுக்காத தங்கச்சி" என்றான். வைத்துக்கொள்ள மாட்டேன் என்று அவள் சொல்லவில்லை.

சேதி அன்று மாலையே சிவக்குமாரின் அக்கா மாயக்காளுக்கு எட்டிவிட்டது. போன் போட்டு, "என்ன சுபா, ஒரு கம்ப்யூட்டர் பொட்டிக்காக என் தம்பிய டவுன்ஹால் ரோட்டுல சொமதூக்க விட்டியாமே?" என்றாள்.

"ஆமா மதினி. படியும் ஏற விட்டேன்" என்றாள் சுபலட்சுமி.

உள்ரூமில் ஜன்னலோரம் கம்ப்யூட்டர் வந்தது. சிவக்குமார் ஹாலில் தன் செல்போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்து மேட்ச் பார்த்தான். இரண்டு பேரும் தேவையானதை மட்டும் பேசினார்கள். சாப்பிட வாங்க. கரண்ட் பில் கட்டியாச்சா. சரண்யாவுக்கு பரீட்சை எப்போ. அதற்கு மேல் அவளுக்கு வார்த்தை வரவில்லை. மாற்றிய கார்டைத் திரும்ப மாற்றிவிட்டாள். ஆனால், ஆஃபரில் கொடுத்தான் என்று அவன் சொன்ன அந்தக் குரலை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவ்வளவு சாதாரணமாக வந்த பொய் அது. இதற்கு முன் எத்தனை வந்ததோ என்று வேறு யோசனை ஓடியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அவள் வண்டியூர் மேலே பறந்துகொண்டிருந்தாள். தெப்பக்குளம் சதுரமாக, நான்கு கரையும் துலக்கமாக, நடு மண்டபத்தைச் சுற்றி மரங்களோடு, விமானத்தின் இறக்கைக்குக் கீழே மெல்லத் திரும்பியது. வைகையைப் பிடித்து மேற்கே போனாள். பாலங்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஒரு இடத்திலும் விக்கவில்லை. தூரத்தில் நாகமலை ஒரே கோடாக நீண்டு கிடந்தது. மூச்சை அடக்கிக்கொண்டுதான் பார்த்தாள்.

பின்னால் கதவு நிலையில் யாரோ நிற்பது தெரிந்தது. சிவக்குமார். கையில் டீ டம்ளர் இரண்டு. ஒன்றை மேசையில் வைத்தான். போகாமல் நின்றான்.

"கோச்சடையா அது?"

"ம்."

"நம்ம வீடு எங்க?"

"தெரியாது. தெருவெல்லாம் ஒரே மாதிரி பெட்டி பெட்டியா கேம் பண்ணவங்களே போட்டு வச்சிருப்பாங்க."

அவன் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு, நிஜமாகவே புரியாத குரலில் கேட்டான்: "நம்ம வீடே தெரியலைன்னா, அப்புறம் எதுக்கு அம்புட்டுப் பெரிய கார்டு?"

அவளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. விமானத்தை அந்தரத்தில் நிறுத்திவிட்டு, நாற்காலியோடு அவன் பக்கம் திரும்பினாள். அவன் ஒரு அடி பின்வாங்கினான், ஆனால் போகவில்லை. முகத்தில் கேலி இல்லை. பதிலுக்காகத்தான் நின்றுகொண்டிருந்தான்.

"இத்தன மாசமா நான் இதப் பத்திப் படிச்சேன், பேசுனேன், பொலம்புனேன். ஒரு நா, ஒரே ஒரு நா, எதுக்குன்னு கேட்டீங்களா?"

"இல்ல."

"சின்னச்சாமிக்குப் போன் பண்றதுக்கு முன்னாடியாவது?"

"கேட்டா நீ சொல்லுவ. சொன்னா எனக்குப் புரியாது. புரியலன்னு சொல்ல ஒரு மாதிரியா இருந்துச்சு" என்றான் அவன்.

அது சமாதானம் ஆகுமா என்று அவள் யோசித்துப் பார்த்தாள். ஆகாது. ஆனால் அந்தச் சனிக்கிழமையிலிருந்து அவன் சொன்னவற்றில் இது ஒன்றுதான் உண்மை போலக் கேட்டது. காலால் பிளாஸ்டிக் ஸ்டூலை அவன் பக்கம் தள்ளினாள்.

"உக்காருங்க. சொல்றேன். நடுவுல போன எடுத்தீங்கன்னா எந்திரிச்சுப் போயிரணும்."

சிவக்குமார் செல்போனைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, கட்டிலில் கவிழ்த்துப் போட்டுவிட்டு உட்கார்ந்தான். "ப்ராசஸர்னா என்ன?" என்று ஆரம்பித்தாள் சுபலட்சுமி, இன்னும் ஆறாத கோபத்தோடு, டீயை எடுத்துக்கொண்டே.